தண்ணீரூற்றும் முண்ணாண் நீரும்

வயது போனவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பார்கள். பேச்சில் அது ‘அறள பேந்திட்டு’ என்று வரும். வகுப்பில் எவளாவது பேனையைக் கையில் வைத்துக்கொண்டே பேனையைத் தேடினாலும் இதே சொல்தான். எல்லோரும் சிரிப்போம். சொல்லில் குற்றமில்லை. ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: முதுமை வந்தால் மறதி வரும், அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த ‘ஒன்றுமில்லை’ எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

என் உம்மும்மா முல்லைத்தீவு தண்ணீரூற்றில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பிள்ளைகளையும் இரண்டு பைகளையும் கொண்டு வவுனியா வழியாகப் புத்தளம் போனவர். இருபது வருடத்துக்கு மேல் அங்கே ஓலைக் கொட்டிலிலும் பிறகு கல்வீட்டிலும் இருந்தார். அப்பாவை அங்கேதான் அடக்கினோம். நானும் அங்கேதான் பிறந்தேன். யுத்தம் முடிந்த பிறகு மீள்குடியேற வந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பழைய வீடு இருந்த இடத்தில் சுவரின் அடிக்கல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த புது வீட்டை அதே காணியில் கட்டினோம்.

இப்போது உம்மும்மா அந்த வீட்டின் விறாந்தையில் இருந்துகொண்டு வீட்டுக்குப் போகக் கேட்கிறார்.

“புள்ள, எழும்பு. வூட்டுக்குப் போவம். மஹ்ரிபுக்கு நேரமாவுது.”

“இதுதான் உம்மும்மா எங்கட வூடு.”

“இது ஆரோட வூடோ. எங்கட வூட்டு முத்தத்தில கெணறு இருக்கும்.”

இதைக் கேட்டு முதலில் உம்மா அழுதார். இருபது வருடம் ஊர் ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஊருக்கு வந்த பிறகும் ஊரைக் கேட்டால் என்ன செய்வது? ஆனால் கிணறு பற்றிச் சொன்னது அறளை அல்ல. பழைய வீடு ஒழுங்கையைப் பார்த்து இருந்ததாம். புது வீட்டை வீதியைப் பார்த்துக் கட்டினார்கள். அதனால் முன்முற்றத்துக் கிணறு இப்போது குசினிக்குப் பின்னால் போய்விட்டது. உம்மும்மாவின் மூளையில் இருக்கும் வரைபடம் பழையது, அதில் பிழையில்லை. புதிய வரைபடம்தான் பதியவில்லை. இந்த நோயில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதலில் பழுதடைகிறது என்று படித்தபோது எனக்குக் கிணறுதான் ஞாபகம் வந்தது.

தொழுகையிலும் அப்படித்தான். லுஹர் தொழுது சலாம் கொடுத்து முசல்லாவை மடிப்பார். கால் மணி நேரத்தில் “லுஹர் தொழுதாச்சா?” என்பார். தொழுதாயிற்று என்றால் எங்களை நம்பமாட்டார். ஆனால் நின்றுவிட்டால் ஓதுவதில் ஓர் எழுத்துப் பிசகாது. ஐந்து வயதில் ஓதிப் படித்தது வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்கிறது, அரை மணி நேரத்துக்கு முன் நடந்தது நிற்பதில்லை. எங்கள் மௌலவி, அறிவு மங்கியவர் மீது கணக்கில்லை, அவரோடு தர்க்கிக்க வேண்டாம் என்றார். அன்றிலிருந்து கலண்டரில் தொழுகைக்கு ஒரு கோடு போடுகிறோம். அவர் கையாலேயே போட வைப்பேன். தன் கோட்டை மட்டும் நம்புகிறார்.

போன வருடம் நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். விடிய நாலு மணி பஸ். வைத்தியர் அவரிடம் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் மூன்றும் போய்விட்டன. ஒரு வட்டம் கீறி மணிக்கூடு வரையச் சொன்னார். இலக்கங்கள் எல்லாம் ஒரு பக்கத்தில் குவிந்தன. தைரொயிட்டுக்கும் உயிர்ச்சத்து பி12க்கும் குருதி எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். தைரொயிட் குறைந்தாலும் பி12 குறைந்தாலும் இதே மாதிரி மறதி வரலாம், அவை மருந்தால் திருந்தக்கூடியவை, அதனால்தான் முதலில் அவற்றைப் பார்க்கிறார்கள். இதை எல்லா வீடுகளிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உம்மும்மாவுக்கு இரண்டும் சரியாக இருந்தன. பெரும்பாலும் அல்ஸைமர் நோய், கூடவே நீண்டநாள் சீனி வருத்தத்தாலும் பிறஷராலும் மூளையின் சிறு குருதிக்குழாய்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றார்.

‘பெரும்பாலும்’, ‘இருக்கலாம்’. எனக்கு இந்தச் சொற்கள் போதவில்லை.

“நிச்சயமா எப்பிடித் தெரிஞ்சு கொள்ளலாம் டொக்டர்?” என்று கேட்டேன். உம்மா என் கையைக் கிள்ளினார்.

வைத்தியர் கோபிக்கவில்லை. “நாரியில ஊசி போட்டு முண்ணாண் நீர் எடுத்து அதில சில புரதங்களை அளக்கலாம். அல்லது அதுக்கெண்டே இருக்கிற விசேஷ ஸ்கேன் செய்யலாம். இங்க வழக்கமாச் செய்யிறதில்ல. செஞ்சாலும் உங்கட உம்மும்மாவுக்கு நான் குடுக்கிற குளிசை மாறாது, மகள்” என்றார்.

அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்தோம். வீட்டில் அது பெரிய பிரச்சினையாகிவிட்டது. கொழும்பில் இருக்கும் சாச்சா, தனியார் மூலம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். பெரியம்மா கூடவே கூடாது என்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகளும் சீசர். இருபது வருடமாக நாரி வலிக்கெல்லாம் அந்த ஊசிதான் காரணம் என்பது அவருடைய முடிந்த முடிவு. உம்மா, “மூளத் தண்ணிய எடுத்தா மூள காஞ்சு போவாதா?” என்று கேட்டார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டது நானும் சாச்சாவும்தான். எங்கள் ஆசைகளுக்கும் காரணம் ஒன்றல்ல. சாச்சா ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நினைத்தார். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது.

ஆகவே படிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரையின் மீதி, பெரும்பாலும் அந்தப் படிப்பு.

உம்மாவின் கேள்விக்குப் பதில் முதலில் கிடைத்தது. மூளையையும் முண்ணாணையும் சுற்றி இருக்கும் நீர் ஒரு நேரத்தில் சுமார் 150 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கோப்பை அளவு. ஆனால் ஒரு நாளில் சுமார் 500 மில்லிலீற்றர் சுரக்கிறது. அதாவது ஒரு நாளைக்குள் மூன்று தடவைக்கு மேல் பழையது போய்ப் புதியது வந்துவிடுகிறது. பரிசோதனைக்கு எடுப்பது பத்து மில்லிலீற்றர் அளவில். சில மணித்தியாலத்துக்குள் அது ஊறிவிடும். எங்கள் ஊர்ப் பெயரே இதற்குச் சரியான உவமை என்று உம்மாவிடம் சொன்னேன். இறைக்க இறைக்க ஊறும். ஊசி முண்ணாணில் குத்துவதும் இல்லை. வளர்ந்தவரில் முண்ணாண் நாரிப்பகுதியின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் நாரி முள்ளென்புகளுக்கு இடையில். 1891இல் ஜேர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிஹ் குவின்கே என்ற வைத்தியர் இதைச் செய்து காட்டினார். சிலருக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் தலையிடி இருக்கும். பெரியம்மாவின் இருபது வருட வலிக்கு இது பொறுப்பில்லை என்று நினைக்கிறேன், ஆனால் அதை அவரிடம் சொல்லும் தைரியம் வீட்டில் எவருக்கும் இல்லை.

அடுத்தது எனக்கே வந்த கேள்வி. மூளையின் நோயை அறிய நாரியில் ஏன் குத்த வேண்டும்? கையில் குருதி எடுத்தால் போதாதா? இந்த இடத்தில்தான் குருதி-மூளைத் தடை வருகிறது. எங்கள் பாடத்தில் இதற்கு அதிக இடமில்லை. எனக்கோ இதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

1885இல் போல் ஏர்லிஹ் விலங்குகளின் குருதியில் சாயம் ஏற்றினார். உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெள்ளையாக இருந்தது. மூளைக்கு அந்தச் சாயத்தோடு ஒட்டாது போலும் என்று நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் அதே வகைச் சாயத்தை முண்ணாண் நீருக்குள் ஏற்றிப் பார்த்தார். இப்போது மூளை நிறம் பிடித்தது, உடம்பு பிடிக்கவில்லை. ஆக, சாயத்தில் ஒன்றுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ நிற்கிறது. இந்தப் பரிசோதனையைப் போல எளிமையும் அழகும் உள்ள ஒன்றை நான் பாடப் புத்தகத்தில் காணவில்லை.

அந்த ‘ஏதோ’வுக்குத் தடை என்று பெயர் வைத்து முறையாக ஆராய்ந்தவர் ஒரு பெண். லீனா ஸ்டேர்ன். இன்றைய லத்வியாவில் 1878இல் பிறந்த யூதப் பெண். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் 1918இல் பேராசிரியரானார், அங்கே அந்தப் பதவி பெற்ற முதற்பெண் அவர். 1921இல் குருதி-மூளைத் தடை என்ற பெயரை அவர் தந்தார். பிறகு சோவியத் ஒன்றியத்துக்குப் போய் 1939இல் அங்கே விஞ்ஞானப் பேரவையின் முதற்பெண் உறுப்பினரானார். தடையைப் படித்தவருக்குத் தடையைச் சுற்றிப் போகவும் தெரிந்தது. காசநோய்க் கிருமி மூளைச் சவ்வைத் தாக்கிய சிறுவர்களுக்கு மருந்தைக் குருதியில் ஏற்றாமல் முண்ணாண் நீரிலேயே ஏற்றும் முறையைக் கையாண்டார். 1949இல் ஸ்டாலினின் அரசு அவரைக் கைது செய்தது. அவரோடு விசாரிக்கப்பட்டவர்களுக்கு 1952இல் மரண தண்டனை. இவரை மட்டும் கசக்ஸ்தானுக்கு நாடுகடத்தினார்கள். ஸ்டாலின் இறந்த பிறகு திரும்பி வந்து மீண்டும் ஆய்வுகூடத்துக்குப் போனார், அப்போது வயது எழுபத்தைந்து. ஊரை விட்டுத் துரத்தப்படுவதன் பொருள் தெரிந்த பிள்ளைகள் நாங்கள். சகோதரிகளே, இந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

தடை என்றதும் நாம் ஒரு மதிலை நினைப்போம். வன்னியில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இருக்கிறது. யுத்தகாலத்து ஓமந்தைச் சோதனைச்சாவடி. நான் அதைக் கண்டதில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு காணி பார்க்கப் போன வாப்பா கதை கதையாகச் சொல்வார். வரிசை, பைகளைக் கொட்டிப் பார்ப்பது, அட்டையைக் காட்டுவது. அதற்கு முந்திய தடைக் காலத்தில் பற்றரிக்கும் எரிபொருளுக்கும் சீமெந்துக்கும் வன்னிக்குள் போக அனுமதியில்லை. மூளையிலும் அப்படித்தான். அங்குள்ள மயிர்த்துளைக்குழாய்களை எல்லாம் நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீற்றர் வரும் என்கிறார்கள், ஏ9 வீதியின் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த நீளம் முழுவதும் சாவடி. உடம்பின் வேறிடங்களில் மயிர்த்துளைக்குழாயின் அகவணிக் கலங்களுக்கு நடுவே சிறு இடைவெளிகள் இருக்கும். மூளையில் அந்தக் கலங்கள் இறுக்கமான சந்திகளால் தைக்கப்பட்டிருக்கின்றன. 1967இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இதைக் கண்டார்கள். குளுக்கோசுக்குத் தனி வாசல் உண்டு, ஏனென்றால் உடம்பு நிறையில் ஐம்பதில் ஒரு பங்கான மூளை சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அமினோ அமிலங்களுக்கும் வாசல் உண்டு. பார்க்கின்சன் நோயில் குறைவது டோபமின், அதைக் குளிசையாகக் கொடுத்தால் சாவடி திருப்பி அனுப்பிவிடும். லெவோடோபா என்ற வடிவில் கொடுத்தால் அமினோ அமில வாசலால் உள்ளே போய், உள்ளே டோபமினாக மாறுகிறது. வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி.

ஆனால் உவமை ஓரிடத்தில் நிற்காது. ஓமந்தை மக்களை வருத்தியது. இந்தத் தடை மூளையைக் காக்கிறது. இன்னொன்று, இது வருவதை மட்டும் பார்ப்பதில்லை, குப்பையையும் வெளியே ஏற்றுகிறது. அல்ஸைமர் நோயில் முக்கியமானது அந்த வெளிவாசல்தான்.

நரம்புக்கலங்கள் அமிலொயிட் பீற்றா என்ற ஒரு சிறு புரதத்துண்டை எல்லோருடைய மூளையிலும் உண்டாக்குகின்றன. உங்கள் மூளையிலும் இந்த நிமிடம். அதில் ஒரு பங்கு குருதிக்குழாய்ச் சுவரிலுள்ள காவிப்புரதங்களால் குருதிக்குள் ஏற்றப்பட்டு அகல்கிறது, ஒரு பங்கு முண்ணாண் நீரோடு போகிறது. அகற்றுவது தளர்ந்தால் அது மூளையில் ஒட்டிப் படிகிறது. 1906இல் அலொய்ஸ் அல்ஸைமர், இறந்துபோன தன் நோயாளியான ஒகுஸ்ட டீற்றர் என்ற பெண்ணின் மூளையில் கண்ட திட்டுகள் இந்தப் படிவுதான். நரம்புக்கலங்களுக்குள் அவர் கண்ட நார்ச்சிக்கல் டௌ என்ற இன்னொரு புரதம்.

இனி முண்ணாண் நீருக்கு வருகிறேன். அதில் அளப்பது பிரதானமாக இந்த இரண்டையும். அல்ஸைமர் நோயாளியின் நீரில் அமிலொயிட் பீற்றா 42 கூடியிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம், மூளையில் அது குவிந்திருக்கிறதே. உண்மை நேர்மாறு. குறைந்திருக்கும், ஏறத்தாழப் பாதியாக. ஏனென்றால் நீரோடு வந்து சேர வேண்டியது மூளையிலேயே படிந்து நின்றுவிட்டது. குளத்துக்கு வரும் வாய்க்காலில் மேலே எங்கோ அடைப்பு விழுந்தால் கீழே தண்ணீர் குறையும். குறைந்த தண்ணீரைப் பார்த்து மேலே உள்ள அடைப்பை அறிவது விவசாயி செய்யும் வேலை. டௌவோ கூடியிருக்கும். பாதிப்படையும் நரம்புக்கலங்களிலிருந்து அது வெளியே வருகிறது, பொசுபேற்று ஏறிய டௌ அல்ஸைமருக்கே உரிய அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஒன்று இறங்கி ஒன்று ஏறினால் நோய் ஏறத்தாழ உறுதி. மறதி தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது என்பதுதான் என்னை அதிர வைத்தது. புத்தளத்தில் என்னைத் தோளில் போட்டுத் தாலாட்டிய நாட்களிலேயே உம்மும்மாவின் நீர் மாறத் தொடங்கியிருக்கலாம்.

ஒரு சின்ன விடயம், எனக்குப் பிடித்தது. இந்த அமிலொயிட் பீற்றா கண்ணாடியிலும் சிலவகைப் பிளாஸ்ரிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். பிழையான குழாயில் நீரை எடுத்தால் புரதம் சுவரில் ஒட்டி, நோயில்லாதவருக்கும் அளவு குறைந்து காட்டும். அதனால் பொலிபுரொப்பிலீன் குழாய்தான் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதரின் மிச்ச வாழ்நாளைப் பற்றிய தீர்ப்பு, குழாய் எதனால் செய்யப்பட்டது என்பதிலும் தங்கியிருக்கிறது. செய்முறைப் பரீட்சையில் குழாயைக் கழுவச் சொன்னால் சலிக்கிறோமே, அதற்காகச் சொல்கிறேன்.

அதே நீரில் தடையின் நிலையையும் அளக்கலாம். அல்புமின் என்ற புரதம் ஈரலில் மட்டும் உண்டாவது. முண்ணாண் நீரில் அது இருந்தால் குருதியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நீரிலும் குருதியிலும் அளந்து விகிதம் பார்த்தால் எவ்வளவு கசிகிறது என்று தெரியும். அல்ஸைமர் நோயாளர் பலரில் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை, குருதிக்குழாய் நோயும் சேர்ந்தவர்களிலே கூடுதலாக உயர்கிறது. ஆனால் இது முழு மூளைக்கும் பொதுவான ஒரு பருமட்டான அளவு. 2015இல் கலிபோர்னியாவில் பெரிஸ்லாவ் ஸ்லொக்கோவிச்சின் குழுவினர் நுணுக்கமான எம்.ஆர்.ஐ. முறையால் பார்த்தபோது, வயதோடு தடை முதலில் கசியத் தொடங்குவது ஹிப்போகாம்பஸிலே என்றும், இலேசான மறதி உள்ளவர்களில் அது இன்னும் அதிகம் என்றும் கண்டார்கள். மயிர்த்துளைக்குழாயைக் கட்டிப்பிடித்திருக்கும் ஒருவகைக் கலங்கள் சிதையும்போது வெளிவரும் புரதம் ஒன்றும் முண்ணாண் நீரில் கூடியிருந்தது. 2019இல் அதே குழுவினர், அமிலொயிட்டும் டௌவும் மாறாதவர்களில்கூட இந்தக் கசிவு மறதியோடு சேர்ந்து வருகிறது என்றார்கள். கசிவு காரணமா விளைவா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. நான் கசிவின் பக்கம் சாய்கிறேன். அதற்கு விஞ்ஞானக் காரணத்தைவிட, சீனி வருத்தத்துக்கு உம்மும்மா மருந்து போடாமல் விட்ட முகாம் வருடங்கள்தான் காரணமாக இருக்கலாம்.

இதெல்லாம் அமெரிக்கர்களின் மூளை, எங்களுடையதுக்கும் பொருந்துமா என்று பெரியம்மா கேட்டார். நல்ல கேள்வி. இலங்கையில் 2003இல் வெளியான றாகமை ஆய்வு 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு அறிவிழப்பு நோய் இருப்பதாகக் கண்டது, அதில் பெரும்பங்கு அல்ஸைமர். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் றணில் டி சில்வாவின் குழு, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் அறிஞர்களோடு சேர்ந்து, இறந்த இலங்கை முதியவர்களின் மூளைகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. அல்ஸைமர் மாற்றங்களோடு குருதிக்குழாய்ச் சேதத்தின் பங்கையும் அவர்கள் பார்த்தார்கள். தெற்காசியாவிலிருந்து வந்த முதற் சான்றுகளில் ஒன்று அது. எங்கள் மக்களின் மூளையிலும் அதே திட்டுகள், அதே சிக்கல்கள் இருக்கின்றன. அதைத் தந்த குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். மையித்தை விரைவில் அடக்க வேண்டும் என்று நிற்கும் எங்கள் சமூகத்தில் அது இலகுவல்ல. அதனால்தான் உயிரோடிருக்கும்போதே எடுக்கக்கூடிய பத்து மில்லிலீற்றர் நீருக்கு இவ்வளவு மதிப்பு.

அப்படியானால் ஏன் எடுக்கவில்லை?

வைத்தியரின் அந்த வசனத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது: குளிசை மாறாது. உம்மும்மா எடுப்பது டொனெப்பெசில். அது தடையைத் தாண்டி உள்ளே போய், நினைவுக்கு வேண்டிய அசற்றைல்கோலின் உடைவதை மெதுவாக்குகிறது. நோயை நிறுத்தாது. படிவையே அகற்றும் லெக்கனெமாப் என்ற மருந்தை 2023இல் அமெரிக்கா முழுமையாக அங்கீகரித்தது. பதினெட்டு மாதத்தில் சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியது என்பது பரிசோதனை முடிவு. அதைக் கொடுக்க முன் முண்ணாண் நீரிலோ ஸ்கேனிலோ அமிலொயிட்டை நிரூபிக்க வேண்டும், நோய் தொடக்கத்தில் இருக்க வேண்டும். உம்மும்மா அந்த வாசலைக் கடந்து வந்துவிட்டார். அதோடு அந்த மருந்தால் சிலருக்கு மூளை வீங்குகிறது, சிறு குருதிக்கசிவு வருகிறது, திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனிக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து அது நடக்கிற காரியமா?

இதைச் சாச்சாவுக்கு நான்தான் தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப ஒண்டும் செய்யேலாதா மகள்?” என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. 1990இல் உம்மும்மாவின் இடுப்பில் இருந்து போன பிள்ளை அவர். சீனியையும் பிறஷரையும் ஒழுங்காக வைத்திருந்தால் குழாய்கள் மேலும் கெடுவது குறையும் என்றேன். காது கேட்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள், காது கேளாமை மறதிக்கு நல்லதில்லை என்று வைத்தியர் சொன்னார் என்றேன். அடுத்த கிழமையே அனுப்பிவிட்டார். உம்மும்மா அதைக் கழற்றிக் கழற்றி முசல்லாவுக்குக் கீழே ஒளிக்கிறார் என்பது வேறு கதை.

என் ஆசை முழுதாகப் போகவில்லை. 2022இல் முண்ணாண் நீர்ச் சோதனை ஒன்றையும், 2025 மே மாதம் குருதியில் பொசுபேற்று ஏறிய டௌவையும் அமிலொயிட்டையும் ஒப்பிடும் சோதனை ஒன்றையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. கை நரம்பில் ஒரு ஊசி, அவ்வளவுதான். மூளையிலிருந்து தடையைத் தாண்டி வரும் மிகச் சிறிய அளவை எண்ணும் கருவி இப்போது இருக்கிறது. அது வன்னிக்கு வரும் காலத்தில் உம்மும்மாவுக்குத் தேவைப்படாது. உம்மாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அவருக்குத் தேவைப்படலாம். அப்போது அவர் தெரிந்துகொள்ள விரும்புவாரா என்று ஒரு நாள் குசினியில் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், “தெரிஞ்சா நீ பக்கத்தில இருப்பாய், தெரியாட்டி யூனிவர்சிட்டி, வேல எண்டு போயிருவாய். சொல்லு, எது நல்லம்?” என்றார்.

பதில் சொல்லவில்லை. பரீட்சை முடிய பதில் சொல்கிறேன் என்று வைத்திருக்கிறேன்.

இப்போது பின்னேரத்தில் உம்மும்மா வீட்டுக்குப் போகக் கேட்டால் நாங்கள் மறுப்பதில்லை. சால்வையைப் போட்டு, கையைப் பிடித்து, வீதிப்பக்கக் கேற்றால் வெளிக்கிட்டு, ஒழுங்கையால் சுற்றிப் பின்பக்கமாக வருவோம். முந்நூறு அடி இருக்கும். ஒழுங்கையால் வரும்போது கிணறு முன்னால் தெரியும். கிணற்றுக் கட்டைத் தொட்டுவிட்டு, “வந்திட்டம்” என்று இருப்பார். ஒரு வாளி தண்ணீர் அள்ளச் சொல்வார், வுளூச் செய்வார். பிறகு குசினி வாசலால் உள்ளே வந்து, இது ஆரோட குசினி, வடிவாத்தான் வெச்சிருக்கிறாங்க என்று உம்மாவைப் பாராட்டுவார்.